செவ்வாய்க்கிழமை அட்டை

ரோசம்மாளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் பிரஷர் படிக்கத் தெரியும். மேல் எண் எது, கீழ் எண் எது, எந்த எண்ணைக் கேட்டால் நர்ஸ் நடந்து போவாள், எதைக் கேட்டால் ஓடுவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மீஞ்சூரில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறாள். அங்கே மேல் எண் நூற்று நாற்பதைத் தொட்டால் டாக்டரம்மாவுக்குப் போன் போகும். நூற்று அறுபது என்றால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். யாரும் அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. பெட்பேன் எடுக்கப் போன இடத்தில் காதில் விழுந்து விழுந்து தேறிய படிப்பு அது.

அந்தப் படிப்புதான் கடைசியில் அவள் கழுத்தை அறுத்தது.

பிறந்தது மீஞ்சூருக்கு மேற்கே ஒரு கிராமம். தணிகாசலம் என்பவருக்கு அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். அந்த வயல்களில் நாற்று நட்ட கூலிக் குடும்பங்களில் ஒன்று ரோசம்மாளுடையது. பன்னிரண்டு வயதில் அவளும் சேற்றில் இறங்கினாள். பிறகு சாலமோனைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தாள். சாலமோன் இரும்புக் கம்பி ஆலையில் உலைக்கு முன்னால் நின்று, நெஞ்சு நிறையப் புகையை வாங்கிக்கொண்டு நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தான். ஜெனிபர் பிறந்தது சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த குடிசையில். அடுத்து வந்த பையன், பொன்னேரிக்குக் கொண்டுபோன லோடு வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே அடங்கிப்போனான்.

அதனால்தான் ஆம்புலன்ஸும் அட்டையும் வந்த காலத்தில் ரோசம்மாள் மெய்யாகவே மகிழ்ந்தாள். கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் அரசாங்கம் ஒரு தாய்–சேய் அட்டை தருகிறது. மாதாமாதம் எடை, பிரஷர், ரத்த அளவு எல்லாம் அதில் ஏறும். எண்களாக இருப்பதால் ரோசம்மாளால் அதைப் படிக்க முடிந்தது. அவள் ஆயுசில் அவளால் படிக்க முடிந்த ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான். "இப்ப பொறக்குறதுங்க குடுத்து வெச்சதுங்க" என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெனிபர் பிளஸ் டூ முடித்தவள். கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி நிறம் பார்த்து ஒயர் சொருக வேண்டும். புருஷன் எட்வர்ட் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கும் பக்கம் ஒப்பந்தக் கூலி. மாமியார், மருமகன், மகள் மூன்று பேரும் சிப்காட் ஓரத்தில் ஒரு வரிசை வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று ஷிப்டு. ஒரே பாயில் ஒருவர் எழுந்த சூட்டில் ஒருவர் படுக்கிற பிழைப்பு.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஜெனிபர் உண்டானாள். முதல் இரண்டு மாதப் பரிசோதனைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் அவளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிந்துகொண்டு வந்தாள், அட்டையும் கைக்கு வந்தது. ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் கம்பெனியில் கான்ட்ராக்டர் பெயர் மாறியது. ஆள் அதே ஆள்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. வேலையாட்களின் பழைய நம்பர்கள் எல்லாம் போய்ப் புது நம்பர்கள் வந்தன. சில மாதத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். ஒரு பெண்ணுக்கு உரிமை என்று ஏதாவது முளைவிடுகிற சமயம் பார்த்து நடக்கும்.

கர்ப்பிணியை வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கம்பெனி சட்டத்தை மீறுவதே இல்லை. ஒருத்தி மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாள், கேட்டில் இருக்கும் விரல்ரேகை மெஷின் அவளை அடையாளம் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான்.

"புது நம்பர்ல எழுபது நாள் சம்பளத்துல இஎஸ்ஐ புடிச்சிட்டா போதும் அத்த, ஆறு மாசம் சம்பளத்தோட லீவு குடுத்தே ஆவணும்" என்றான் எட்வர்ட். ரயிலில் ஒரு யூனியன்காரர் சொன்னாராம். "எழுபது நாள் முடிஞ்ச அன்னிக்கு இவளே போயி நான் மாசமா கீறேன்னு எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஜெனிபருக்கு அந்த ஆறு மாதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, ஷிப்டு சங்கு ஊதினால் 'ஊது' என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவள் தாய்க்கோ தாயைப் பெற்றவளுக்கோ அப்படி ஒரு வாரம்கூட வாய்த்ததில்லை. எப்படியும் இந்த எழுபது நாளை ஓட்டிவிடுவது என்று உறுதியாக இருந்தாள். பேறுகால விடுப்பை வாங்குவதற்காகப் பேற்றை மறைக்க வேண்டியிருந்தது. தன் அளவைவிட இரண்டு அளவு பெரிய கம்பெனி நீலக் கோட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே பழைய வாயில் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். ஒல்லியான உடம்பு, தலைப்பிள்ளை வேறு. கேட்டில் நிற்கும் பெண் காவலாளியின் கண்ணுக்குத் தப்பித்துவிட்டாள்.

தப்ப முடியாமல் நின்றது செவ்வாய்க்கிழமை. சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள் அது. கம்பெனிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டு கிழமைகளையும் வகுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியிருக்க வாய்ப்பில்லை. புது நம்பர்க்காரி மாதத்தில் ஒரு நாள் வராவிட்டால் சூப்பர்வைசர் கேள்வி கேட்பான். இரண்டாம் மாதமும் அதே செவ்வாய்க்கிழமை வராவிட்டால் அவன் கேள்வியே கேட்க மாட்டான், புரிந்துகொள்வான். எத்தனை பெண்கள் இப்படிச் செவ்வாய்க்கிழமையில் மாட்டியிருக்கிறார்கள் என்று அந்த லைனில் எல்லோருக்கும் தெரியும்.

அட்டையில் கையெழுத்து விழாமல் விடவும் முடியாது. விட்டால் நர்ஸ் வீடு தேடி வந்து வாசலில் நின்று சத்தம் போடுவாள், தெருவுக்கே தெரிந்துவிடும். தெருவில் பாதிப்பேர் அதே கம்பெனி.

பிறகு நடந்தது ரோசம்மாளுக்கு எல்லாம் முடிந்த பின்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம்.

பக்கத்து வீட்டில் சுகிர்தா இருந்தாள். லாரி டிரைவரின் மனைவி, வேலைக்குப் போகாதவள், அவளும் மாசமாக இருந்தாள். ஜெனிபருக்கும் அவளுக்கும் பத்து நாள்தான் வித்தியாசம். இருவரும் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜெனிபர் தன் கவலையைச் சொன்னாள்.

"இதுக்கா பேஜாராவுற" என்றாள் சுகிர்தா. "உன் அட்டைய குடு. இந்த வாரம் என் அட்டையோட போறேன், அடுத்த வாரம் உன்னுத எடுத்துகினு போறேன். மாஸ்க்கு போட்டுகினா ஆச்சு."

"நர்சம்மா கண்டுபுடிச்சா?"

"அது எங்க மூஞ்சிய பாக்குது, கையத்தான் பாக்குது. உன் வயிறும் என் வயிறும் ஒரே வயிறுதான் போ."

சுகிர்தா சொன்னது பொய்யில்லை. அந்தப் பகுதிக்கு நர்ஸ் நந்தினி. பக்கத்தில் இரண்டு துணை மையங்களில் ஆள் போடாமல் விட்டிருந்ததால் அவற்றையும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நூற்றுக்குக் குறையாத வயிறுகள். பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இன்று இங்கே, நாளை எங்கேயோ என்று இருப்பவர்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் "அட்டைய குடு, கைய நீட்டு, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே எழுதுவாள். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுகிறவளைப் பார்த்து, ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்று கேட்பதற்கும் ஒரு நியாயம் வேண்டும்.

ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், ஏழாம் மாதம். மூன்று முறை சுகிர்தா ஜெனிபராகப் போய்க் கையை நீட்டினாள். மூன்று முறையும் நூற்றுப் பத்து, எண்பது. இரும்புச்சத்து மாத்திரைகளை மறக்காமல் வாங்கிவந்து ஜெனிபரிடம் கொடுத்தாள். ஒரு சிநேகிதி செய்யக்கூடிய உபகாரத்தை முழுமனதோடு செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மீஞ்சூர் ஆஸ்பத்திரிக்குக் காயத்ரி வந்து சேர்ந்தாள். தணிகாசலத்தின் கடைசி மகள். சென்னையில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிலத்தில் ஒரு பகுதியை ஏதோ ஒரு கம்பெனிக்கு விற்றபின் தணிகாசலத்தின் குடும்பம் சேற்றில் கால் வைப்பதில்லை. ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் காயத்ரிக்குக் கால் வீங்கியது. வீங்கிய அன்றே காரில் கூட்டிவந்து ஏசி அறையில் சேர்த்துவிட்டார்கள்.

ரோசம்மாள்தான் அவளுக்குக் கால் பிடித்துவிட்டாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்தது, விழுந்த குழி மேலே வர நேரம் பிடித்தது.

"ஆயா, தலை விண்ணு விண்ணுன்னு இருக்கு" என்றாள் காயத்ரி.

ரோசம்மாள் நர்ஸிடம் ஓடினாள். நூற்று அறுபது, நூறு. செருப்புச் சத்தம் படியில் கேட்டது. டாக்டரம்மா வந்து ஊசி போட்டு, அறையை இருட்டாக்கி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். "கவனிக்காம வுட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்" என்று வெளியே வந்து காயத்ரியின் தாய் ஜோதிலட்சுமியிடம் சொன்னதை, வாளியோடு நின்ற ரோசம்மாளும் கேட்டாள்.

ஜோதிலட்சுமிக்குப் படபடப்பு அடங்க நேரமானது. பேச்சுத் துணைக்கு ரோசம்மாளைத் தவிர யாருமில்லை.

"உன் பொண்ணும் மாசமா இருக்காளாமே. எங்க காட்டுற?"

"கவுர்மெண்ட்லதாம்மா. நல்லா பாக்குறாங்க. அட்டையில எல்லாம் நார்மல்னு போட்டுகிறாங்க."

"உனக்கென்ன கவலை. இவளுது பூஞ்சை உடம்பு. உங்களுது எல்லாம் உழைச்ச உடம்பு, ஒண்ணும் ஆவாது."

ரோசம்மாள் சிரித்தாள். அந்த நேரத்தில் அது அவளுக்கு ஒரு பாராட்டாகத்தான் பட்டது. அதை நினைத்துப் பின்னால் எத்தனை முறை தன் வாயில் தானே அடித்துக்கொண்டாளோ தெரியாது.

அன்று சாயங்கால ரயிலில் வீட்டுக்கு வந்தாள். ஜெனிபர் ஷிப்டு முடிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பின் வார், காலில் பதிந்த இடத்தில் பள்ளமாக நின்றது. ரோசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். காலையில் பார்த்த அதே குழி. அதேபோல் மெதுவாக மேலே வந்தது.

"தல வலிக்குதாடி?"

"மெஷின் சத்தம்மா. எல்லாருக்கும்தான் வலிக்குது."

"அட்டைய எடு."

ஜெனிபர் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்திருக்கும். சொன்னால் இந்தப் பொம்பளை நாளையே கம்பெனி கேட்டில் போய் நின்று லீவு கேட்பாள், ஐம்பத்தொன்பது நாள் கஷ்டமும் போய்விடும். எழுந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

ரோசம்மாள் அட்டையை விளக்குப் பக்கம் திருப்பிப் பிடித்து விரல் வைத்துப் படித்தாள். போன வாரம்தான் பார்த்திருக்கிறார்கள். நூற்றுப் பத்து, எண்பது. அதற்கு முந்தைய மாதமும் நூற்றுப் பத்து, எண்பது. பயம் இறங்கிப்போனது. காயத்ரிக்குப் பிரஷர், இவளுக்கு நிற்கிற வேலை என்று தனக்குத்தானே கணக்கைத் தீர்த்துக்கொண்டாள்.

"எதுக்கும் ஒரு நடை என்கூட மீஞ்சூருக்கு வந்துடு. சிஸ்டர் கைல சொல்லி ஒரு தபா பாக்கச் சொல்றேன்."

"இன்னும் பதினோரு நாள்தாம்மா. முடிஞ்சதும் வரேன். அதான் அட்டையில நல்லா கீதே."

"நல்லாத்தான் கீது" என்றாள் ரோசம்மாள்.

அட்டை மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவள் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பாள். எழுத்து தெரியாத பொம்பளை ஒரு காகிதத்தை நம்பினாள். எழுத்து தெரிந்த எத்தனையோ பேர் அதற்குப் பிறகும் அதே காகிதத்தைத்தான் நம்பினார்கள்.

நாலாம் நாள், அறுபத்து மூன்றாவது நாள், காலை டீ இடைவேளைக்கு முன்னால் ஜெனிபர் ஒயர் லைனிலேயே விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். நீலக் கோட்டின் பித்தானைக் கழற்றிய பெண், உள்ளே சுற்றியிருந்த புடவைத் துணியைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். அப்போதும் கம்பெனி சட்டத்தை மீறவில்லை. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வந்தால் பதிவாகிவிடும் என்று ஷேர் ஆட்டோவை அழைத்து, இரண்டு பெண்களைக் கூட ஏற்றி அனுப்பினார்கள். ஆட்டோ கிளம்பிய கையோடு, வலிப்பு நோயை மறைத்து வேலையில் சேர்ந்தவர் என்று ஒரு காகிதம் தயாரானது.

ரோசம்மாள் ரயிலைப் பிடித்து வருவதற்குள் ஜெனிபர் இரண்டு ஆஸ்பத்திரி மாறியிருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் "இங்க முடியாது, பெருசுக்குக் கொண்டு போ" என்றார்கள். மூன்றாவதாகப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் மகளின் தலைமாட்டில் பிரஷர் மெஷின் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ரோசம்மாளுக்குப் படிக்கத் தெரியுமே, படித்தாள். நூற்றுத் தொண்ணூறு, நூற்று இருபது. இவ்வளவு பெரிய எண்ணை அவள் பதினான்கு வருஷத்தில் கேட்டதில்லை.

"எத்தனை நாளா பிரஷர் இருக்கு? ஏம்மா இவ்ளோ நாள் வீட்டுல வெச்சிருந்தீங்க?" என்று இளம் டாக்டர் ஒருத்தி கேட்டாள்.

எட்வர்ட் வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த அட்டையை ரோசம்மாள் நீட்டினாள். டாக்டர் அதைப் புரட்டினாள், பெண்ணைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். எதையோ கேட்க வந்து, நேரமில்லாமல் உள்ளே ஓடினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை, பெண்குழந்தை. இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி செய்தார்கள். கல்லறையிலிருந்து எட்வர்ட் திரும்பி வரும்போது, "இன்னும் ஏழு நாள்தான் இருந்துச்சு அத்த" என்றான்.

மூன்றாம் நாள் சுகிர்தா வந்தாள். வாசலோடு நின்றுகொண்டு, அழக்கூட முடியாமல், எல்லாவற்றையும் சொன்னாள். ரோசம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சுகிர்தாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையா?"

"ஆமா அத்த."

முறித்துப் போட்டுவிடலாம் போல் இருந்தது. பிடித்த பிடியில் சுகிர்தாவின் வளையல் ஒன்று நொறுங்கியது. சுகிர்தா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கால் மீது ரோசம்மாளின் பார்வை போனது. மெல்லிய, வீக்கமில்லாத, நல்ல கால்கள். ரோசம்மாள் கையை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். போகாமல் இருந்தால் அங்கேயும் ஆள் மாற்றிவிடுவார்கள். காயத்ரி அன்று குழந்தையோடு செக்கப்புக்கு வந்திருந்தாள். அவளுக்கும் பெண்குழந்தைதான். ஜோதிலட்சுமி ரோசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேள்விப்பட்டேன். எல்லாம் விதி, என்ன செய்யறது" என்று உண்மையாகவே கண்கலங்கினாள். ரோசம்மாளின் கையில் குழந்தையைக் கொடுத்தார்கள். கொழுகொழுவென்று இருந்த அந்தச் சிசுவின் மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ஒரு பாவமும் அறியாத ஜீவன் என்று தெரிந்தேதான் வெறுத்தாள். இரண்டு பெண்களுக்கும் ஒரே வியாதி, ஒரே குழி, ஒரே தலைவலி. இதில் விதி எங்கே வந்து உட்கார்ந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

பேறுகாலத்தில் ஒரு தாய் செத்தால் விசாரணை நடத்த வேண்டும் என்பது விதிமுறை. அதற்கும் செவ்வாய்க்கிழமையைத்தான் பிடித்தார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தார், பெயர் சந்திரமோகன். நல்ல மனுஷர், ரோசம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார். நந்தினி சுவரோரமாக நின்றாள். வெளியே கர்ப்பிணிகளின் வரிசையில், தன் முறைக்காகச் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு விசிட். எல்லாத்துலயும் பிரஷர் நார்மல், ரத்தம் பதினொண்ணு" என்று சந்திரமோகன் அட்டையைப் படித்தார். "குறை சொல்ல முடியாத அட்டை. கம்பெனியில வலிப்பு நோய் முன்னாடியே இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அப்படியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப கடைசி வாரத்துல திடீர்னு ஏறியிருக்கணும். கால் வீங்கினத நீங்க பாக்கலயா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டும் கூட்டினு வரலயா?"

ரோசம்மாள் அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். சந்திரமோகன் பெருமூச்சுவிட்டுப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டார். அது எந்தக் கட்டம் என்று ரோசம்மாள் கேட்டாள். குடும்பத்தினர் தாமதம் என்று அவர் தயங்கிக்கொண்டே சொன்னார்.

"அந்தக் காயிதத்துல கம்பெனிக்கு ஒரு கட்டம் கீதா சார்?"

"இல்லம்மா."

"செவ்வாக்கெழமைக்கு?"

அவருக்குப் புரியவில்லை. நந்தினிக்குப் புரிந்திருக்க வேண்டும். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். போட்டோ ஒட்ட வேண்டிய சதுரம் அதில் காலியாகக் கிடந்தது.

சொல்லிவிடலாம். அது என் பெண்ணின் கை இல்லை, என் பெண்ணின் ரத்தம் இல்லை, மூன்று மாதமாக நீங்கள் எழுதியது வேறொருத்தியின் உடம்பு என்று சொன்னால் ரோசம்மாளின் பெயரில் விழுந்த குறி அழிந்துவிடும். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஜன்னல் வழியாகச் சுகிர்தா தெரிந்தாள். அவளும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் யார் மாட்டுவார்கள் என்று ரோசம்மாள் யோசித்தாள். பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டே இருக்கும் கான்ட்ராக்டர் மாட்டுவானா. ஆளே போடாமல் இரண்டு மையங்களை வைத்திருப்பவர்கள் மாட்டுவார்களா. கையில் கிடைக்கிறவள் சுகிர்தா. ஆள்மாறாட்டம் என்று ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள், இந்த நிறைமாத வயிற்றோடு அவளைப் படியேற்றி இறக்குவார்கள். அடுத்ததாக நந்தினி. அதோடு எல்லோருக்கும் மனசு ஆறிவிடும்.

"எங்க சார் கையெழுத்து போடணும்?" என்று கேட்டாள்.

தெரிந்த ஒரே எழுத்துகளைப் போட்டாள். தன் மகளைத் தான்தான் தாமதமாகக் கொண்டுவந்ததாக ஒப்புக்கொண்டு, பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

வெளியே வந்தவள் ரயிலுக்குப் போகவில்லை. பெஞ்சில் சுகிர்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்திரமோகனின் ஜீப் போனபின் நந்தினி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் எதிரே எண்பது பேர் காத்திருந்தார்கள், கை தானாகப் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. சுகிர்தாவின் முறை வந்தது.

"அட்டைய குடு. கைய நீட்டு."

சுகிர்தா நீட்டிய கையை ரோசம்மாள் குறுக்கே பிடித்துக்கொண்டாள். வளையல் கிழித்த தழும்பு அதில் இன்னும் மறையாமல் இருந்தது.

"மொதல்ல மூஞ்சிய பாரு நர்சம்மா" என்றாள். "யாருன்னு பாத்துகினு அப்புறம் கைய புடி."

நந்தினி பேனாவைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ரோசம்மாளின் முகத்தைப் பார்த்தாள். சுகிர்தா மாஸ்க்கைக் கழற்றினாள். நந்தினி மெஷினின் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

"நூத்திப் பத்து, எம்பது" என்றாள்.

ரோசம்மாள் கையை விடவில்லை.

"இன்னொரு தபா பாரு" என்றாள்.